லிஃப்ட் போட்ட (சஸ்பென்ஷனை உயர்த்திய) பிறகு வண்டியின் தரை அதிர்கிறது; ஷிம் போட்டும் அடங்கவில்லை. பினியனை எந்தக் கோணத்தில் நிறுத்துவது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது: முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில் (இரு சக்கரத்தையும் ஒரே குழாய் இணைப்பது), பின்னால் லீஃப் ஸ்பிரிங், 4 அங்குல லிஃப்ட். 60 கி.மீ. வேகம் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் அதிர்வு தொடங்குகிறது. பினியன், அதாவது ஆக்சிலுக்குள் சுழற்சியை வாங்கும் தண்டு, டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்து அனுப்பும் பெட்டியை) நேராகப் பார்க்கும்படி ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஷிம் என்ற சரிவான தகடு வைத்தீர்கள், அதன் பிறகு அதிர்வு இன்னும் கூடிவிட்டது.

டிரான்ஸ்ஃபர் கேஸையும் பினியனையும் இணைக்கும் உங்கள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் முனைக்கு ஒரு கிராஸ் (யு-ஜாயின்ட்)தான் இருக்கிறது என்றால், முதல் வேலையாக அந்த ஷிம்மைக் கழற்றுங்கள். சாதாரண ஷாஃப்ட்டுக்குப் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிற்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட் எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதற்கு இணையாக நிற்க வேண்டும். பினியனை ஷாஃப்ட்டின் நேருக்குத் தூக்குவது டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்கான, அதாவது ஒரு முனையில் இரண்டு கிராஸ் அடுத்தடுத்து உள்ள ஷாஃப்ட்டுக்கான அமைப்பு. எந்த ஷாஃப்ட் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் பினியன் கோணத்தைத் தொட வேண்டும். லிஃப்ட் வண்டிகளில் நான் பார்க்கும் அதிர்வுகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வருபவை.

ஏன் இணை என்று சொல்கிறேன்? கோணத்தில் சுழலும் யு-ஜாயின்ட் சீரான வேகத்தை வாங்கிச் சீரற்ற வேகத்தைக் கொடுக்கும். ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 10 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தொட்டுவிடும். கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு. மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே கோணத்தில் இருந்து, ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகளின் காதுகளும் ஒரே நேரில் இருந்தால், முன் ஜாயின்ட் கெடுத்ததைப் பின் ஜாயின்ட் சரிசெய்து பினியனுக்குச் சீரான வேகத்தைக் கொடுக்கும். கோணங்கள் சமமில்லை என்றால் மீதி முழுவதும் பினியனில் போய் இடிக்கும்.

உங்கள் வண்டியில் என்ன நடந்திருக்கும் என்று எண்களில் பாருங்கள். அவுட்புட் பின்பக்கமாக 4 டிகிரி இறங்குகிறது, லிஃப்டுக்குப் பிறகு ஷாஃப்ட் 16 டிகிரி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பினியன் மூக்கு (அதன் முன்முனை) பழையபடி 4 டிகிரி மேல்நோக்கி இருந்தால் முன் ஜாயின்ட் 12, பின் ஜாயின்ட் 12. கோணம் பெரிதுதான், ஆனால் சமம். ஷிம் வைத்து மூக்கை 14 டிகிரிக்குத் தூக்கினால் பின் ஜாயின்ட் 2 டிகிரிக்கு இறங்கிவிடும், முன் ஜாயின்ட் 12-ஐ ஒட்டியே நிற்கும். கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும், வண்டியோ முன்பைவிட மோசமாக அதிரும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இதை ஊகத்தில் விடாதீர்கள், அளந்து பாருங்கள். சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில், வழக்கமாக ஏற்றும் சுமையோடு வண்டி நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு எடுத்த அளவு எதற்கும் உதவாது. காந்தம் உள்ள டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் இருந்தால் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக்கின் சீவிய முகம், ஷாஃப்ட் குழாய், பினியன் ஃபிளாஞ்சின் முகம் ஆகிய மூன்று இடத்திலும் துரு, பெயின்ட், சேறு எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வையுங்கள். பெயின்ட் கட்டி ஒன்று கேஜுக்கு அடியில் இருந்தாலே ஒரு டிகிரி பிசகும், இந்த வேலையில் ஒரு டிகிரி பெரிய விஷயம். ஷாஃப்ட்டுக்கும் யோக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜாயின்ட் கோணம்.

படுத்திருக்கும்போதே கிராஸ் கப்புகளையும் பாருங்கள். சீல் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே நீடில் ரோலர் கிரீஸின்றி உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிராஸை மாற்றாமல் கோணத்தைத் திருத்திப் பயனில்லை. ஸ்ப்ளைனில் (ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய விடும் பல்வரிசை இணைப்பில்) யாராவது ஷாஃப்ட்டைப் பிரித்துப் பூட்டியிருந்தால் யோக் காதுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இது டயர் அதிர்வு இல்லை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில், 80 செ.மீ. விட்டமுள்ள டயர் நொடிக்கு சுமார் 9 முறை சுற்றும். ஆக்சில் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் 35 முறை சுற்றும். சுற்றுக்கு இரண்டு அதிர்வு என்பதால் கோணக் கோளாறு 70 ஹெர்ட்ஸ் அருகில் வரும். 9 என்றால் டயர் அல்லது ரிம், 35 என்றால் ஷாஃப்ட்டின் பேலன்ஸ், 70 என்றால் கோணம். அதிர்வை அளக்கும் போன் செயலிகள் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டப் போதுமானவை. பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டி என்றால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

சரி, பின்பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. கோணங்கள் சமமாக இருந்தும் 12 டிகிரியில் ஓடுவது எனக்குத் திருப்தி இல்லை. பினியனுக்குப் போகும் வேகம் சீராகிவிட்டாலும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் சுற்றுக்கு இரண்டு முறை முந்திப் பிந்திக்கொண்டுதான் இருக்கும். அதன் எடை சும்மா இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கிராஸ் மெம்பருக்கு ஸ்பேசர் வைத்து இறக்குவது செலவு குறைந்த வழி. ஒன்றிரண்டு டிகிரி கிடைக்கும். ஆனால் லிஃப்ட் போட்டுச் சம்பாதித்த உயரத்தை வண்டியின் நடுவயிற்றில் திருப்பிக் கொடுக்கிறீர்கள், இன்ஜின் மவுண்டும் கியர் லிங்கேஜும் இழுபடும். சோதித்துப் பார்க்கச் செய்யலாம், நிரந்தரமாக வைக்க நான் சொல்ல மாட்டேன்.

நல்ல வழி, டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் டபுள் கார்டன் உள்ள ஷாஃப்ட். ஜீப் ராங்லர் டி.ஜே. மாதிரி அவுட்புட்டில் ஸ்லிப் யோக் (முன்னும் பின்னும் வழுக்கும் யோக்) உள்ள வண்டிகளில், அதை நீக்கி நிலையான யோக் வைக்கும் ஸ்லிப் யோக் எலிமினேட்டரும் சேர்த்துப் போடுவார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸின் வால் குட்டையாகி ஷாஃப்ட்டுக்கு நீளம் கிடைக்கும். நீளத்தின் அருமை குட்டை வீல்பேஸ் வண்டிக்காரருக்குத்தான் தெரியும். அதே 10 செ.மீ. உயர்வு, 110 செ.மீ. ஷாஃப்ட்டின் சாய்வை 5 டிகிரி கூட்டும், 60 செ.மீ. ஷாஃப்ட்டின் சாய்வைக் கிட்டத்தட்ட 10 டிகிரி கூட்டும்.

டபுள் கார்டன் வந்தபிறகு பினியனைத் தூக்கலாம். ஷாஃப்ட்டின் நேருக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரி கீழே நிறுத்துங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு மூக்கு மேலே ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். மூக்கு உயர்ந்தால் ஷாஃப்ட்டின் சாய்வும் கொஞ்சம் குறையும் என்பதால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மறுபடி அளக்க வேண்டும். ஷிம் ஸ்டீலில் இருக்கட்டும். அலுமினியம் நசுங்கி உடைந்தால் யு போல்ட் தளர்ந்து ஆக்சிலே நகரும். ஐந்தாறு டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் ஷிம்மை விட்டுவிட்டு ஸ்பிரிங் பெர்ச்சை (ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடையை) வெட்டிப் புதுக்கோணத்தில் வெல்டிங் செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன். காயில் ஸ்பிரிங் வண்டி என்றால் நீளம் மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்மில் இந்த வேலை சுலபமாக முடிந்துவிடும்.

பினியனை அதிகம் தூக்கினால் பினியனின் மூக்குப் பக்கத்து பேரிங்குக்கு எண்ணெய் எட்டாது. ஃபில்லர் துளையின் மட்டமும் மாறியிருக்கும். அதனால் பழைய மட்டத்தை நம்பாமல் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டும்.

முன் ஆக்சிலைப் பின் ஆக்சில் மாதிரி நினைத்துத் திருப்பிவிடாதீர்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டியரிங் நக்கிளை (சக்கரத்தோடு திரும்பும் முட்டை)த் தாங்கும் சி வளையங்கள் ஆக்சில் குழாயோடு வெல்டிங் ஆகியிருக்கின்றன. மூக்கை ஒரு டிகிரி தூக்கினால் காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, ஒரு டிகிரி குறையும். காஸ்டர் போனால் வண்டி நேர்க்கோட்டில் நிற்காது, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அதிர்வு எரிச்சல்தான், காஸ்டர் இல்லாத வண்டி வேகத்தில் ஆபத்து. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காஸ்டரைக் காப்பாற்றுங்கள். லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) இருந்து அதைத் திறந்துவிட்டால் டூ வீலில் முன் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது, அதன் கோணம் சாலையில் பிரச்சினையே இல்லை. முழுநேர ஃபோர் வீல் வண்டியில் இரண்டும் வேண்டும் என்றால் சி வளையங்களை வெட்டித் திருப்பி வெல்டிங் செய்வதுதான் வழி. அது அனுபவம் உள்ள கையால் மட்டும் நடக்க வேண்டும். ஜிம்னி, லேண்ட் குரூசர் 80 மாதிரி ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டிகளில் லிஃப்ட் போட்டதுமே காஸ்டர் குறைந்துவிடும். அதைத் திருத்தும் புஷ்ஷைப் போட்டால் காஸ்டர் மீளும், மூக்கு கீழே போகும்.

எதைச் செய்தாலும் ஓட்டுவதற்கு முன் சேஸிஸைத் தாங்கி நிறுத்தி, ஆக்சிலை முழுவதும் தொங்கவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். யோக்கின் காது எங்காவது முட்டினால் கையில் தெரியும். அங்கே லிமிட் ஸ்ட்ராப் கட்டி ஆக்சில் இறங்கும் அளவைக் குறைக்க வேண்டும். ஸ்ப்ளைன் போதிய நீளம் உள்ளே இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இல்லையென்றால் பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் கழன்று விழும்.

புது லீஃப் ஸ்பிரிங் கொஞ்ச நாள் ஓடியதும் படியும், உயரம் குறையும், கோணமும் மாறும். யு போல்ட்டை மறுபடி முறுக்கும் அன்றைக்கே கேஜை எடுத்து அந்த மூன்று அளவுகளையும் திரும்ப எடுத்துவிடுங்கள்.