விலை குறைந்த பெரிய டிவி: வாங்கியவர்கள் அனுபவம் எப்படி?

கேள்வி: தெரிந்த பிராண்டில் 43 இன்ச் டிவிக்குக் கொடுக்கும் அதே விலையில், அதிகம் கேள்விப்படாத பிராண்டில் 55 இன்ச் 4கே டிவி கிடைக்கிறது. வாங்கியவர்களில் பாதிப் பேர் ‘அருமை’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘வாங்கவே வாங்காதே’ என்கிறார்கள். யாரை நம்புவது? சொந்தமாக உபயோகிப்பவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு தரப்புமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பெட்டியைப் பிரித்த வாரம் எழுதியவர்கள் ‘அருமை’ என்பார்கள். ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு வந்து எழுதியவர்கள்தான் திட்டுவார்கள். அதனால் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதைவிட, எழுதியவர் டிவியை எவ்வளவு காலம் வைத்திருந்தார் என்று பாருங்கள். முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாத விஷயங்களில்தான் இந்த டிவிகளில் செலவைக் குறைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு 55 இன்ச் டிவி சில வருடங்களாக ஓடுகிறது. அக்கா வீட்டில் வேறொரு பிராண்டில், இதே ரகத்தில் ஒரு 43 இன்ச். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. மலிவு டிவியின் படம் மட்டமாக இருக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. எல்சிடி பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பலகையை, செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான்: பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி, ஏயூஓ, இன்னோலக்ஸ் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். சாம்சங்கே 2022ல் எல்சிடி பேனல் தயாரிப்பை நிறுத்திவிட்டு, தன் எல்சிடி டிவிகளுக்கு வெளியிலிருந்துதான் வாங்குகிறது. பெரிய பிராண்டோ மலிவு பிராண்டோ, பேனல் பெரும்பாலும் இந்தச் சிலரிடமிருந்துதான் வருகிறது. அதனால் பகலில், சாதாரண நிகழ்ச்சி பார்க்கும்போது, என் டிவியையும் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்க்கும்போது ஒரு குறையும் தோன்றாது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக் காட்சி நிறைந்த படம் ஒன்றைப் போட்டால்தான் விலை தெரியவரும். பேனலில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. விஏ வகையில் கறுப்பு ஓரளவு கறுப்பாகவே இருக்கும், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 3000க்கு 1 என்ற அளவிலோ அதற்கு மேலோ வரும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐபிஎஸ் வகையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது, ஆனால் கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 பக்கம்தான், இருட்டு அறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். என்னுடையது விஏ. நேரே உட்கார்கிறவர் புகழ்வார், ஓரத்து நாற்காலிக்காரர் முகம் சுளிப்பார். அக்கா வீட்டில் ஐபிஎஸ். அறை முழுக்க ஆட்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கிற வீடு அது, அங்கே அதுதான் சரி. எந்த வகை என்று விளம்பரத்தில் பெரும்பாலும் போட மாட்டார்கள். கடையில் ஓடிக்கொண்டிருந்தால் நன்றாகப் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் ‘எச்டிஆர்’ (வெளிச்சமான இடமும் இருட்டான இடமும் இன்னும் எடுப்பாகத் தெரிவதற்கான படமுறை) என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்குமே, அதை நம்பி ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள். எச்டிஆர் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், காட்டும் என்பதில்லை. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தையோ அதற்கு மேலோ மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். இந்த விலை டிவிகள் 250 முதல் 300 நிட்ஸ் வரை கொடுத்தாலே பெரிய விஷயம். விளைவு, எச்டிஆரில் ஓடும்போது படம் சாதாரணத்தைவிட மங்கலாகத் தெரிகிறது. ‘டிவி இருட்டடிக்கிறது’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். டிவியில் சொருகி ஆப்களில் படம் பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருந்தால், அதன் அமைப்புகளில் எச்டிஆரை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

இனி இந்தப் பதிலின் முக்கியமான பகுதி: பேக்லைட். எல்சிடி பேனல் தானாக ஒளி தராது. அதன் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு எல்இடியின் தலையிலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு சின்ன பிளாஸ்டிக் லென்ஸ். மலிவு டிவியில் எல்இடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, இருக்கிறவற்றை முழு மூச்சில் எரியவிடுகிறார்கள். போதாததற்கு, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பேக்லைட் அமைப்பு 100லோ அதை ஒட்டியோதான் இருக்கும், கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமே. வெப்பம்தான் எல்இடியின் எதிரி. ஒரு வரிசையில் இருக்கும் எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று கருகினால் அந்த வரிசையே அணைந்துவிடும். பல டிவிகளில் பாதுகாப்புக்காக மொத்தப் பேக்லைட்டும் நின்றுவிடும்.

‘சத்தம் வருது, படம் வரல’ என்று ஒன்றிரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கதை இதுதான். அறையை இருட்டாக்கி, திரைக்கு அருகில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். லேசாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பேக்லைட்தான் போய்விட்டது என்று அர்த்தம். திரையில் அங்கங்கே வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அது லென்ஸ் கழன்று விழுந்த இடம். அக்கா வீட்டு டிவிக்கு இந்தப் பொட்டு வியாதி வந்தது. பட்டைகள் விலை உயர்ந்த பொருளே இல்லை, ஆனால் அவற்றை மாற்ற மெல்லிய பேனலை முழுசாகக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலையில் கை கொஞ்சம் பிசகினால் பேனல் விரிசல் விட்டுவிடும், அதோடு டிவியின் கதை முடிந்தது. திரை பெரிதாகப் பெரிதாக இந்த அபாயமும் பெரிதாகும். 55 இன்ச்சுக்கு ஆசைப்படும்போது இதையும் கணக்கில் வையுங்கள். வருகிற மெக்கானிக் தனியாக வந்தால் திருப்பி அனுப்புங்கள், பெரிய பேனலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இதைத் தள்ளிப்போட உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு, செலவும் இல்லை. முதல் நாளே ‘விவிட்’ என்ற படமுறையை மாற்றி ‘மூவி’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’க்குப் போங்கள், பேக்லைட்டை 50, 60க்கு இறக்குங்கள். கவனிக்க வேண்டியது: பல டிவிகளில் ‘பிரைட்னஸ்’ என்பது கறுப்பின் அளவை மாற்றும் அமைப்பு, விளக்கின் வெளிச்சத்தை மாற்றாது. ‘பேக்லைட்’ என்று தனியாக ஒன்று இருக்கும், குறைக்க வேண்டியது அதை. இரண்டு நாள் படம் மங்கலாகத் தோன்றும், பிறகு கண் பழகிவிடும். மின்சாரமும் மிச்சம். கையோடு ‘ஷார்ப்னஸ்’ஸையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள், எழுத்துகளைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும்.

இதற்கு அடுத்தபடியாக மனிதரை வெறுப்பேற்றுவது ‘ஸ்மார்ட்’ பகுதி. டிவி வாங்கிய புதிதில் எல்லாம் ஓடும். ஆப்கள் அப்டேட் ஆக ஆக எடை கூடும், டிவிக்குள் இருக்கும் 1 ஜிபி நினைவகம் கூடாது. ஆப் திறக்க நேரமெடுக்கும், ரிமோட்டில் அழுத்தியதற்கு டிவி யோசித்து யோசித்துப் பதில் சொல்லும். 8 ஜிபி சேமிப்பிடம் என்று போட்டிருப்பார்கள், அதில் பெரும்பகுதியை டிவியின் இயங்குதளமே எடுத்துக்கொண்டிருக்கும்.

இதிலும் மோசமான ஒரு வகை இருக்கிறது. ‘ஆண்ட்ராய்டு டிவி’ என்று விற்பார்கள், ஆனால் கூகுளின் சான்று பெறாத, போன்களுக்கான ஆண்ட்ராய்டைத் திரையில் ஒட்டவைத்த சரக்கு. அதில் வைட்வைன் எல்1 என்ற உரிமப் பாதுகாப்பு இருக்காது, எல்3 மட்டும் இருக்கும். அப்படியானால் பல ஸ்ட்ரீமிங் சேவைகள் 4கே டிவியிலும் 480பி என்ற குறைந்த தரத்தில்தான் படம் அனுப்பும். ‘4கே வாங்கினேன், படம் கலங்கலாக இருக்கிறது’ என்ற புகாரைப் படித்தால் இதைச் சந்தேகப்படுங்கள். வாங்கும் முன் உங்களுக்கு வேண்டிய ஆப்கள் முறையாகக் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

என் வழி எளிது. டிவியின் ஸ்மார்ட் பகுதியை நான் தொடுவதே இல்லை. அதை வெறும் திரையாக நினைத்து, எச்டிஎம்ஐயில் ஒரு நல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் சொருகிவிட்டேன். அது பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும். டிவியை வைஃபையோடு இணைக்காமலே விட்டதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. நாம் என்ன பார்க்கிறோம் என்று கவனித்து அனுப்பும் வசதி பல ஸ்மார்ட் டிவிகளில் இருக்கிறது. பார்ப்பவர்களிடம் ஒப்புதல் வாங்காமல் இப்படித் தகவல் சேகரித்ததற்காக, 2017ல் அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மலிவு டிவி என்றில்லை, விலை உயர்ந்ததிலும் அமைப்புகளுக்குள் போய் இதை அணைத்துவைப்பது நல்லது.

ஆனால் வயதான அப்பா அம்மாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ரிமோட், உள்ளீடு மாற்றுவது என்றெல்லாம் வந்தால் வாரத்துக்கு ஒருமுறை உங்களுக்குப் போன் வரும். எச்டிஎம்ஐ சிஇசி என்ற அமைப்பை இயக்கினால் ஸ்டிக்கின் ரிமோட்டிலேயே டிவியும் சேர்ந்து எழும்பும், ஆனால் எல்லா மலிவு டிவியிலும் அது ஒழுங்காக வேலை செய்வதில்லை. அவர்களுக்கு ஒரே ரிமோட்டில் முடிகிற, மென்பொருள் உருப்படியாக இருக்கிற சின்ன டிவிதான் நிம்மதி. அவர்களுக்கு மட்டுமா, உங்களுக்கும்தான்.

ஒலியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும், பேச்சு தெளியாது. சவுண்ட்பாருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள், ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் அதை இணையுங்கள். விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்கள் இந்த ரக டிவி பக்கமே வர வேண்டாம் என்பேன். 120 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும்.

சரி, 43ஆ 55ஆ? அறையை அளந்து பாருங்கள். 55 இன்ச் திரையின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். சராசரிக் கண்ணுக்கு, அந்த உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல், அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி உட்கார்ந்தாலே 4கேக்கும் முழு எச்டிக்கும் வித்தியாசம் தெரியாது. 43 இன்ச்சில் அது ஒன்றரை மீட்டரை ஒட்டியே மறைந்துவிடும். ஆகவே 4கே என்ற சொல்லுக்காக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெரிய திரை தரும் சந்தோஷம் மட்டும் நிஜம், அதை நான் மறுக்க மாட்டேன். நேரே உட்கார்ந்து பார்க்கிற சிறு குடும்பம், ஸ்டிக்கும் சவுண்ட்பாரும் தனியாக வாங்கத் தயார் என்றால், 55 இன்ச்சையே எடுங்கள். நானாக இருந்தாலும் மறுபடி அதையே எடுப்பேன். மேசையின் நீளத்தையும் அளந்துவிடுங்கள், இந்த டிவிகளின் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், சின்ன மேசையில் நிற்காது.

டிவி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். போக்குவரத்தில் உடைந்த பேனலுக்கு வாரண்டியில் இடமில்லை, வந்தபோதே உடைந்திருந்தது என்று காட்ட வேறு வழியும் இல்லை. திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் முழுச் சாம்பல், முழுக் கறுப்பு, முழு வெள்ளை நிறத் திரைகளை ஓடவிட்டுப் பாருங்கள். சாம்பலில் அழுக்கு போன்ற பட்டைகள், கறுப்பில் மூலைகளிலிருந்து கசியும் வெளிச்சம், வெள்ளையில் செத்த பிக்சல்கள் (ஒளிராத புள்ளிகள்) தெரியும். ஒன்றிரண்டு செத்த பிக்சலைப் பல நிறுவனங்கள் குறையாகவே ஏற்பதில்லை, அதனால் திருப்பித் தரும் வாய்ப்பு இருக்கும்போதே முடிவெடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. அந்தப் பிராண்டின் சேவை எண்ணுக்கு, பணம் கட்டுவதற்கு முன், ஒரு தடவை போன் செய்யுங்கள். எங்கள் பகுதிக்கு ஆள் அனுப்புவீர்களா, இந்த மாடலுக்குப் பேக்லைட் பட்டை கைவசம் இருக்கிறதா, பேனலுக்கு எத்தனை வருடம் வாரண்டி என்று கேளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றாலோ மழுப்பினாலோ, 43 இன்ச்சையே வாங்கிக்கொள்ளுங்கள்.