ஐயாயிரம் மார்க் கல்யாணம்

கேள்வி: சோஷலிச ஆட்சி இருந்தவரை கிழக்கு ஜெர்மனியில் காலாகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டு குழந்தை பெற்றார்களாம். மேற்கத்திய நாகரிகம் புகுந்ததும் குடும்பமே சிதைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: காலாகாலத்தில் நடந்தது உண்மைதான். எதற்காக நடந்தது என்று அவர்கள் சொல்லவில்லையா? 1972 முதல் இளந்தம்பதிக்கு அரசு 5,000 மார்க் (அந்நாட்டு நாணயம்) வட்டியில்லாக் கடன் கொடுத்தது. முதல் குழந்தை பிறந்தால் 1,000 தள்ளுபடி, இரண்டாவதற்கு 1,500, மூன்றாவது பிறந்தால் மிச்சம் 2,500-ம் போச்சு. வயது வரம்பு உண்டு, தொடக்கத்தில் 26. வீடும் அரசு ஒதுக்கீடு. தனியாளுக்கு லேசில் கிடைக்காது. தாய் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரசுக் காப்பகம். இத்தனையும் இருக்கும்போது 22, 23 வயதில் தாயாவதற்குப் பண்பாடு எதற்கு? கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் உங்களிடம் மறைத்திருக்கிறார்கள். பெர்லின் சுவர் விழுந்த 1989-லேயே அங்கே மூன்றில் ஒரு குழந்தை மணமாகாத தாய்க்குத்தான் பிறந்தது. அதே ஆண்டு, 'கெட்டுப்போன' மேற்கு ஜெர்மனியில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான்! தனித்தாய்க்குக் காப்பகத்தில் முன்னுரிமை கொடுத்ததும் அந்தச் சோஷலிச அரசே.

அதன்பிறகு வந்த சரிவு பயங்கரமானது, ஒப்புக்கொள்கிறேன். 1989-ல் சுமார் 1,99,000 பிறப்புகள், 1994-ல் 79,000. ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.77 குழந்தை! திருமணங்கள் இரண்டே ஆண்டில் 1,31,000-லிருந்து 50,000 அளவுக்கு இறங்கின. ஆனால் விவாகரத்தைப் பாருங்கள்: அதுவும் 50,000-லிருந்து சுமார் 9,000 ஆகிவிட்டது. நாகரிகம் கெட்டால் விவாகரத்து குறையுமா, ஐயா? (ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகே மனுப் போடலாம் என்ற மேற்கு ஜெர்மன் சட்டம், 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் இணைந்தபோது அங்கேயும் வந்தது. சமாச்சாரம் அவ்வளவுதான்.)

பிறப்பு ஏன் சரிந்தது? சோஷலிச ஆட்சி போனதும் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. வேலையிழந்தவர்களில் பெண்களே அதிகம். இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக மேற்கே ரயிலேறினார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாதவள் தொட்டில் வாங்குவாளா? தள்ளிப்போட்டாள். வேண்டவே வேண்டாம் என்று பலர் முடிவுகட்டவில்லை. 2008 வாக்கில் கிழக்கின் பிறப்பு விகிதம் மேற்கை எட்டிப் பிடித்துவிட்டது. என்ன, அதற்குள் முதல் குழந்தை 27 வயதுக்குமேல் என்றாகிவிட்டது. பழைய ஆட்சியின் காப்பகங்கள் பெருமளவு தப்பிப் பிழைத்ததும் இதற்குக் கைகொடுத்தது. அந்த வசதியில் கிழக்கு இன்றைக்கும் மேற்கைவிட முன்னால் நிற்கிறது.

திரும்பி வராதது கல்யாணம்தான். அங்கே பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் மணமாகாத பெற்றோருடையவை. சேர்ந்து வாழ்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், பதிவு அலுவலகம் பக்கம் மட்டும் போவதில்லை. அங்கே இப்போது யார் ஐயாயிரம் மார்க் தருகிறார்கள்?