வியாழனின் நிலவான யூரோப்பா முழுக்கப் பனிதானே? படத்தில் அதன் மேல் ஏன் துருப்பிடித்தது போல் பழுப்புக் கோடுகள்?

முதலில் ஒன்று. நீங்கள் பார்த்த படம் அநேகமாக நிறம் கூட்டப்பட்ட படம். நேரில் பார்த்தால் அவ்வளவு சிவப்பு இருக்காது. வெளிர் மஞ்சளும் மங்கிய பழுப்பும்தான். என் ஆறு அங்குலத் தொலைநோக்கியில் அதுவும் கிடையாது, வியாழனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவே.

சரி, நிறம் எங்கிருந்து வந்தது? துரு இல்லை. நம் சமையல் உப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

எம்.எஸ்சி. படித்தபோது கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும் காமா கதிர் அறையில் உப்புப் பொடியை வைத்து எடுத்தோம். வெளியே வந்தபோது யாரோ மஞ்சள்தூள் கலந்துவிட்டது போல இருந்தது. வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருந்தோம், மெல்ல வெளுத்துப்போனது. உப்புப் படிகத்தில் குளோரின் அயனி இல்லாமல் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஓர் எலக்ட்ரான் போய் மாட்டிக்கொள்ளும். அது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியை விழுங்கிவிடும். நீலம் போனால் கண்ணுக்கு மஞ்சள்தானே மிச்சம்.

யூரோப்பாவில் கதிர்வீச்சுக்குப் பஞ்சமே இல்லை. கவசமில்லாமல் ஒருவர் அங்கே நின்றால் ஒரே நாளில் 5 சீவெர்ட்டுக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வாங்குவார், ஆளைக் கொல்ல அதுவே போதும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் கெவின் ஹேண்டும் ராபர்ட் கார்ல்சனும் அதே குளிர், அதே வெற்றிடத்தில் உப்பின் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார்கள். உப்பு மஞ்சள் பழுப்பானது. இது 2015இல். நான்கு வருடம் கழித்து ஹப்பிள் தொலைநோக்கி, யூரோப்பாவின் டாரா ரீஜியோ என்ற குழம்பிக் கிடக்கும் நிலப்பரப்பில் அந்த 450 நானோமீட்டர் தடயத்தையே கண்டது. 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதே இடத்தில் கார்பன் டை ஆக்சைடு செறிந்திருப்பதைக் காட்டியது. இரண்டுமே பனிக்கு அடியில் இருக்கும் கடலிலிருந்து வந்தவை என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் எல்லா நிறத்தையும் உப்பின் தலையில் கட்ட முடியாது. பல செய்திக் கட்டுரைகள் கோட்டை விடும் இடம் இதுதான். யூரோப்பா எப்போதும் ஒரே முகத்தை வியாழனுக்குக் காட்டியபடி மூன்றரை நாளில் ஒரு சுற்று வருகிறது. வியாழனின் காந்தப்புலமோ பத்து மணி நேரத்தில் சுற்றிவிடும். அதனால் அதில் சிக்கிய துகள்கள் யூரோப்பாவைத் துரத்திக்கொண்டு வந்து முதுகில், அதாவது அது நகரும் திசைக்குப் பின்பக்கத்தில், மோதுகின்றன. அந்தத் துகள்களில் கந்தகம் நிறைய உண்டு. பக்கத்து நிலவான ஐயோவின் எரிமலைகள் உபயம். ஐயோவிலிருந்து நொடிக்குச் சுமார் ஒரு டன் பொருள் இப்படி வெளியேறுகிறது. அந்தக் கந்தகம் பனியோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. கலிலியோ விண்கலத்தின் அளவீடுகளிலேயே இது தெரிந்தது. ஆக, பின்பக்கத்துச் செம்மையில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்து பூசிக்கொண்டது. கடலைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கந்தகம் அதிகம் படாத முன்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். டாரா ரீஜியோ அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், பனியும் சும்மா இருப்பதில்லை. அடிபட்ட தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஆக்சிஜனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. காயத்துக்குப் போடும் அதே பெராக்சைடு. குளிர் கூடக்கூட இது நிலைக்கும் என்பதால் துருவங்களில் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அதிகம் கிடைத்ததோ கொஞ்சம் கதகதப்பான டாரா ரீஜியோவில்! (கதகதப்பு என்றாலும் மைனஸ் 140 டிகிரிப் பக்கம்.) அங்கிருக்கும் கார்பன் டை ஆக்சைடு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பெராக்சைடு சிதையாமல் காக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் வழக்கு முடியவில்லை.

2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் என்ற நாசா விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். தூரத்திலிருந்து நிறம் பார்ப்பதோடு, யூரோப்பாவிலிருந்து தெறிக்கும் தூசியையே பிடித்து அதில் என்ன உப்பு என்று பார்க்கும் கருவியும் அதில் இருக்கிறது.