வீட்டில் தமிழ் பேசுவதால் ஆங்கிலப் பாடம் கசக்கிறதா?

"ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள கதை, கவிதை, இலக்கணம் மூன்றுமே கசக்கிறது. வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசுகிறோம், அதுதான் காரணமோ? நீங்கள் அந்த வயதில் எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழைக் குறை சொல்லாதீர்கள். தமிழ் இல்லாவிட்டால் எனக்கு ஆங்கிலம் வந்தே இருக்காது. நான் பிறந்து வளர்ந்தது ரங்கூனில். இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில ட்யூஷன் எடுக்கிறேன். பள்ளியில் பர்மியம், வீட்டில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவில் வளர்ந்தவன், ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக ஆங்கிலம் படித்தோம். அப்பா படித்தது பாதிரிமார் பள்ளிக்கூடத்தில். எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். 1960-களின் நடுவில் அந்தப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. அதன் பிறகு ஆங்கிலம் ஐந்தாம் ஸ்டாண்டர்டில்தான் தொடங்கும் என்றாயிற்று. அண்ணன் அந்தக் கணக்கில் அகப்பட்டவர். பத்து வயதில்தான் ஏ, பி, சி, டி. 1981-இல் மறுபடியும் மாற்றி, மழலை வகுப்பிலேயே ஆங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நான் பள்ளியில் சேர்ந்தேன். அப்பா ஆங்கிலத்தை வாய்விட்டுப் படிப்பார், அண்ணன் எழுந்து வெளியே போய்விடுவார், நான் பாயில் உட்கார்ந்து பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே நடுநிலைப் பள்ளி என்பது அப்போது ஐந்தாம் ஸ்டாண்டர்டு முதல் எட்டு வரை, நான்கு வருடம். நான் ஐந்துக்குப் போனது 1986 ஜூன் மாதம், நல்ல மழைக்காலம். பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, தகரக் கூரையில் மழை. சயாமா (இங்கே டீச்சரம்மாவை அப்படித்தான் அழைப்போம்) ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பார். பிறகு அதன் பொருளைப் பர்மியத்தில் சொல்வார். நாங்கள் இரண்டையும் சேர்த்துக் கத்துவோம். மழை வலுத்தால் இன்னும் உரக்கக் கத்துவோம். பொருளைப் பென்சிலால் சொல்லுக்கு மேலேயே எழுதிக்கொள்வது வழக்கம். வருடக் கடைசியில் புத்தகத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்து தெரியாது, மேலே எறும்பு ஊர்ந்தது போலப் பென்சில்தான் தெரியும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வேடிக்கை. பர்மியப் பேச்சில் சொல்லின் கடைசி மெய் தொண்டையோடு நின்றுவிடும். லைக், லைட், லைஃப் மூன்றும் என் வகுப்புத் தோழர்கள் வாயில் ஒரே வெட்டுப்பட்ட 'லை'தான். நாங்கள் தமிழ்ப் பிள்ளைகளோ லைக்கு, லைட்டு, லைஃபு என்போம். அவர்கள் வாலை வெட்டினார்கள், நாங்கள் வால் ஒட்டினோம். சயாமா இரு தரப்பையும் சமமாகத் திட்டினார்.

இலக்கணத்துக்கு வருகிறேன். சொல்வதற்கு அதிகம் இருப்பது இதில்தான்.

பர்மியத்தில் 'ச்சனோ சாஓக் கோ ஃபட் தே' என்றால் நான் புத்தகத்தைப் படிக்கிறேன் என்று பொருள். ச்சனோ நான், சாஓக் புத்தகம், கோ நம்முடைய 'ஐ' உருபு, ஃபட் படி, கடைசியில் ஒரு தே. சொல்லுக்குச் சொல் தமிழின் வரிசை! ஆகவே தமிழிலிருந்து பர்மியத்துக்குப் போக எனக்கு வழி தவறியதே இல்லை. ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் தலைகீழாக வைத்திருந்தது. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். எங்கள் பேட்டைக் கோயிலில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடக்கும். அங்கே வாத்தியார் 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று தாளம் போட்டு வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்த வாரம்தான் எனக்கு விளங்கியது: டு, பை, ஃப்ரம், ஆஃப், இன் எல்லாம் இதே சரக்கு, வண்டியின் பின்னால் ஏற்றாமல் முன்னால் ஏற்றியிருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எதிரெதிராக எழுதி வைத்துக்கொண்டேன். நம்முடைய ஒரே 'இல்' அங்கே இன், ஆன், அட் என்று மூன்றாக உடைவது மட்டும் பட்டியலுக்கு அடங்கவில்லை. அதில் இன்றும் எனக்கு அவ்வப்போது சறுக்கும்.

வினைச்சொல்லில் தமிழ் இன்னும் கைகொடுத்தது. பர்மிய வினை ஆளுக்கு ஆள் மாறாது. நான் வந்தாலும், நீ வந்தாலும், அவள் வந்தாலும் 'லா தே'. நேற்று வந்ததற்கும் அதுவே, தினமும் வருவதற்கும் அதுவே. நாளைக்கு என்றால் 'லா மே'. போதாக்குறைக்குப் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'தூ'. ஆகவே ஹீ, ஷீ மாறிப்போவதும், வினையின் வாலில் வரும் 'ஸ்' விட்டுப்போவதும் என் தோழர்களுக்குத் தீராத தலைவலி. எனக்கு அப்படி இல்லை. வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளைப் பார்த்து வால் மாற்றியே பழகிய நாக்கு. 'ஹீ கம்ஸ்' என்பதில் வரும் 'ஸ்' நம் 'ஆன்' விகுதியின் ஏழைத் தம்பி என்று நினைத்துக்கொண்டேன், மறக்கவே இல்லை.

காலங்களுக்குச் சயாமா பன்னிரண்டு கட்டம் போட்டு அட்டவணை ஒட்டியிருந்தார். அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். அப்பாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழை அதன் மேல் பொருத்திக் காட்டினார். 'வாஸ் கமிங்' வந்துகொண்டிருந்தான். 'ஹேஸ் கம்' வந்திருக்கிறான். 'ஹேட் கம்' வந்திருந்தான். கட்டம் பாதி நிரம்பிவிட்டது. ஆனால் ஓர் இடத்தில் தமிழை நம்பினால் குழியில் விழுவீர்கள். 'நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' பக்கத்தில் 'நேற்று' உட்காராது. நேற்று என்று நாள் சொல்லிவிட்டால் வெறும் 'கேம்'தான். என் ட்யூஷன் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான்.

'ஒரு' என்று பொருள்படும் 'எ', 'ஆன்' இரண்டுக்கும் நம்மிடம் ஒரு குறுக்குவழியே இருக்கிறது. ஒரு மரம், ஓர் ஊர் என்று கோயில் வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னதுதான். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிராக இருந்தால் 'ஆன்', உயிர்மெய்யாக இருந்தால் 'எ'. மணி நேரத்துக்கு உரிய சொல் ஆங்கிலத்தில் 'எச்'சில் தொடங்கினாலும் தமிழில் எழுதினால் 'அவர்', ஆகவே 'ஆன்'. பல்கலைக்கழகம் 'யூ' என்னும் உயிரெழுத்தில் தொடங்கினாலும் தமிழில் 'யூனிவர்சிட்டி', யூ உயிர்மெய், ஆகவே 'எ'. 'ஒன்' மட்டும் ஏமாற்றும். நாம் ஒகரம் போட்டு எழுதுகிறோம், ஆங்கிலேயர் நாக்கில் அது 'வன்'. 'தி' எங்கே வரும் என்று கேட்காதீர்கள். தமிழிலும் இல்லை, பர்மியத்திலும் இல்லை, எனக்கும் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

இலக்கணத்தில் நான் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் ஒன்று உண்டு. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்துவிட்டது. மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. அப்பாவின் கடைப் பெட்டியில் இருந்ததில் பெரும்பகுதி காகிதமாகிவிட்டது. அதில் ஒரு 75 கியாட் நோட்டை நான் ஆங்கிலப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் வகுப்பில் 'வாஸ்' வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார் சயாமா. என் முறை வந்தது. நோட்டைத் தூக்கிக் காட்டி "திஸ் வாஸ் மனி" என்றேன். இது பணமாக இருந்தது. வகுப்பே சிரித்தது. சயாமா சிரிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தார், "சிட் டவுன்" என்றார். மணி அடித்த பிறகு என் பெஞ்சுக்கு வந்து, வாக்கியம் சரி என்றும், நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வா என்றும் தணிந்த குரலில் சொன்னார்.

கதைகளைப் பள்ளி படுத்திய பாடு வேறு. கதையை யாரும் கதையாகப் படிக்கவில்லை. அதன் கீழே இருந்த பத்துக் கேள்விகளுக்கு விடையை மனப்பாடம் செய்தோம். தேர்வில் கேள்வியின் வரிசை மாறினால் மூன்றாம் கேள்விக்கு நான்காவதன் விடை போகும். கட்டுரையும் அப்படியே. 'என் நண்பன்' கட்டுரையை வகுப்பு மொத்தமும் ஒரே மாதிரி எழுதினோம். எல்லோருக்கும் ஒரே நண்பன், அவன் காலையில் ஐந்து மணிக்கு எழுவான். நான் அப்படி ஒருவனை இதுவரை பார்த்ததில்லை.

கதையைக் கதையாக்கியது அப்பத்தா. பள்ளிவிட்டு வந்ததும் "இன்றைக்கு என்ன கதை?" என்று கேட்பாள். ஒரு நாள் குடத்தில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காக்கையைத் தமிழில் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கல்லைப் போட்டால் தண்ணீர் கலங்காதா? அதை எப்படியப்பா குடித்தது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் சயாமாவிடம் கேட்டேன்: "வை தி க்ரோ ட்ராங்க் டர்ட்டி வாட்டர்?" அவர் காக்கையை விட்டுவிட்டார், வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். நாம் 'ஏன்' போட்டுக் குரலை உயர்த்தினால் கேள்வியாகிவிடும். அவர்களுக்கு 'டிட்' என்று ஓர் ஆள் தேவை, இறந்த காலத்தை அந்த ஆளே சுமந்துகொள்வான், வினை பழையபடி 'ட்ரிங்க்' ஆகிவிடும். கரும்பலகையில் எழுதிக் காட்டினார். தண்ணீர் கலங்கியதா என்பது இன்றுவரை தெரியாது, 'டிட்' மட்டும் மறக்கவில்லை.

உங்கள் மகளிடம் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பாடத்தில் உள்ள கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் நடுவில் அப்பத்தா மாதிரி குறுக்குக் கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை அவள் ஆங்கிலத்தில் எழுதட்டும். இன்னொன்று, தெரிந்த கதையை ஆங்கிலத்தில் படிக்கக் கொடுங்கள். 1988-இல் மக்கள் கிளர்ச்சியால் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பிறகு, அப்பா பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு தொகுப்பு வாங்கி வந்தார். ரங்கூன் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்த ஊ டின் ஆங் பர்மிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி 1948-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. எல்லாம் பக்கத்து வீட்டுப் பர்மியப் பிள்ளைகளோடு கேட்டு வளர்ந்த கதைகள். அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருந்ததால் அகராதியைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெரியாத சொல் தானாகவே பொருளைக் காட்டிக்கொடுத்தது.

கவிதை மூன்றிலும் நல்ல நிலையில் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதால் அதைக் கெடுக்க முடியவில்லை. எனக்கு அதில் பிடித்தது ஓசை எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான். தமிழில் எதுகை அடியின் தலையிலேயே இருக்கும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்கிறோம், இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது. பர்மியப் பழம்பாட்டில் அடிக்கு நான்கு அசை. முதல் அடியின் நான்காம் அசை, அடுத்ததன் மூன்றாம் அசை, அதற்கடுத்ததன் இரண்டாம் அசை என்று ஓசை படி இறங்கி வரும். விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலப் பாட்டிலோ வரியின் கடைசியில் காத்திருக்க வேண்டும், நம் இயைபு மாதிரி. இது தெரிந்த பிறகு புதுக் கவிதை எது வந்தாலும் முதலில் ஓசையைத் தேடுவேன், பொருள் பிறகு வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

பள்ளி மறுபடி திறந்த பிறகு, இரண்டு வரியாவது சொந்தமாக எழுதி வரச் சொன்னார் சயாமா. சித்தப்பா 1965-இல் கப்பலேறி மெட்ராஸ் போனவர். அவருடைய கடிதம் அன்றுதான் வந்திருந்தது. நான் எழுதியது இது:

லெட்டர் கேம் ஃப்ரம் மெட்ராஸ் டுடே,
பெட்டர் நியூஸ் தேன் யெஸ்டர்டே.

மெட்ராஸிலிருந்து இன்று கடிதம் வந்தது, நேற்றை விட நல்ல சேதி. சயாமா கடைசிச் சொற்களை அடிக்கோடிட்டு, ஓசை சரியாக இருக்கிறது என்று மதிப்பெண் போட்டார். வரியின் தலையில் நான் வைத்திருந்த எதுகை அவர் கண்ணில் படவில்லை. மாலையில் கோயில் வாத்தியாரிடம் காட்டினேன். "லெட்டர், பெட்டர், எதுகை போட்டிருக்கிறாயே!" என்று முதுகில் தட்டினார், கடைசிச் சொற்களை அவர் பார்க்கவே இல்லை. இரவு அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கிய சொல் மெட்ராஸ் ஒன்றுதான்.

"அது கிடக்கட்டும், சின்னவன் என்ன எழுதியிருக்கிறான்? கடிதத்தைப் படி" என்றாள்.