டி.பி. மாத்திரை சாப்பிடும்போது மீன், முட்டை கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறார். வயது 38, உயரம் 162 செ.மீ., எடை 40 கிலோ. நுரையீரலில் டி.பி. என்று மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரைக்கு மீன், முட்டை ஆகாது, சூடு என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருவர் 900 ரூபாய் புரோட்டீன் பவுடரை வாங்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் இப்போது வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. பிள்ளைகளுக்கு 4 வயது, 9 வயது. அவருக்குத் திண்ணையில் தனித்தட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் செய்வது சரிதானா?

பதில்: முட்டையும் கொடுங்கள், மீனும் கொடுங்கள். பவுடர் டப்பா வேண்டாம். அந்த 900 ரூபாயில் மாதம் முழுக்க தினம் இரண்டு முட்டை வாங்கலாம். வேர்க்கடலைக்கும் மீதி இருக்கும்.

மாமியார் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டி.பி. மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட், கெட்டுப்போன சில மீன்களோடு ஒத்துப்போகாது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் சேரும். சாதாரணமாக உடல் அதைச் சிதைத்துவிடும், ஆனால் இந்த மருந்து அதைத் தடுக்கிறது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். இதைத்தான் பலர் 'சூடு' என்கிறார்கள். காலையில் வந்த புது மீனைக் குழம்பு வைத்துத் தாராளமாகக் கொடுங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதும் சூடு இல்லை, ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு டி.பி. மாத்திரையின் நிறம் அது.

சாப்பாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019-ல் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. அதில் 2,800 நோயாளிகளுக்கு மாத்திரையோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருளும் கொடுத்தார்கள்: அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து நன்றாகப் பிடித்தாலும் எடை ஏறும் என்பதால், எல்லாப் பெருமையையும் சாப்பாட்டுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் சில நோயாளிகளின் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் போயின. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. இப்படி ஒரு பலனைச் சாப்பாடு தந்தது எனக்குப் பெரிய விஷயம். மெலிந்த உடம்பைத் தேடி வரும் நோய் இது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, புதுச்சேரி, தமிழ்நாட்டு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்விலும் மெலிவும், ஆண்களிடம் குடியும் நிறையத் தென்பட்டன. அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. உங்கள் வீட்டுக்காரருக்குச் சுமார் 15. இது கடுமையான மெலிவு. இன்றைக்கே அவர் காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் கால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது இருந்தாலோ, பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாவிட்டாலோ, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போங்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், படுக்கையில் சேர்க்க வேண்டியவர்களைக் கண்டுபிடிக்கப் பார்ப்பதும் இந்த மாதிரி அடையாளங்களைத்தான்.

இவை எதுவும் இல்லையென்றால், வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பார்த்து காலண்டரில் எழுதி வையுங்கள். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் குறைந்தது 42 கிலோ வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் மாதக்கடைசிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரேயடியாகத் தட்டு நிறையப் போட்டால் அவருக்கு இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து ஆறு வேளை கொடுங்கள். ரேஷன் துவரம்பருப்பைக் கெட்டியாக வேகவைத்து ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கொடுங்கள், இடையில் பொட்டுக்கடலை, வேர்க்கடலை உருண்டை.

அப்புறம், காசு. மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் டி.பி. நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2024 நவம்பருக்கு முன்பு அது 500-ஆக இருந்தது. சிகிச்சை தொடங்கும்போது 3,000, பிறகு 3,000 என்று வங்கிக் கணக்குக்கே வரும். வரவில்லையென்றால் பெரும்பாலும் ஆதாரோ கணக்கு எண்ணோ சரியாக ஏறாததுதான் காரணம். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு மாத்திரை கொடுப்பவரிடம் போய், உங்கள் எதிரிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது அவருடைய பணம்.

பிள்ளைகள் இருவரையும் மாமியாரையும் அழைத்துப்போய்ப் பரிசோதியுங்கள். நோய் இல்லையென்றால் வராமல் தடுக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். நீங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் பார்த்துவிட்டுத் தன்னை விட்டுவிடும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

தனித்தட்டு தேவையே இல்லை. இது தட்டில் ஒட்டாது, இருமும்போது காற்றில்தான் பரவும். சளிப் பரிசோதனை சுத்தமாக வரும்வரை அவர் மாஸ்க் போடட்டும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். திண்ணையில் காற்று நன்றாக வரும் என்றால் அங்கேயே சாப்பிடட்டும். நீங்களும் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆள் துணை இருந்தால் இரண்டு கவளம் கூடவே இறங்கும்.