தங்கச்சிக்கு எந்தக் காலேஜ்?

கேள்வி: அக்கா, எனக்கு மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கிராமம். ஐடிஐ முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். அப்பா இல்லை. அம்மா தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். தங்கச்சி ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 163. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து வீட்டுக்கே ஆள் வந்து, வருடக் கட்டணம் 1,20,000, உங்களுக்கு 50 சதவீதம் ஸ்காலர்ஷிப், இந்த வாரமே 10,000 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழும் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார்கள். எனக்கு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி போதும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தால் செலவு மிச்சம் என்று தோன்றுகிறது. அவளோ அந்தக் காலேஜ் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அங்கேதான் போவேன் என்கிறாள். அம்மாவின் நகையை வைத்துக் கட்டிவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஒரிஜினல் சான்றிதழும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கே போய்த் திருப்பி வாங்குங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்துகிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் வேண்டாம் என்று விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் காசைத் தர வேண்டும் என்பதும் அவர்கள் விதிதான். ரிசல்ட் வந்த வாரத்தில் பைக்கில் கிராமம் கிராமமாக வருகிற ஆட்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் அரசு நடத்துகிற கவுன்சலிங் (கலந்தாய்வு) போய்விடுவீர்கள் என்பதுதான் அவர்கள் பயம். அதனால்தான் "இந்த வாரமே" என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நகைக்குப் போய்விட்டீர்கள். தம்பி, உங்கள் வீட்டில் இருக்கிற பெரிய சொத்து அதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இன்னொரு தரம் படியுங்கள், விடுதிக் கட்டணமும் சேர்த்து. அரசுக் கல்லூரிக்கு மட்டும் இல்லை, கவுன்சலிங்கில் அந்த ஒதுக்கீட்டில் கிடைக்கிற தனியார் கல்லூரி இடத்துக்கும் இது உண்டு.

இப்போது அந்த ஆள் சொன்ன 50 சதவீதத்தைப் பாருங்கள். பாதி போக வருடம் 60,000. கவுன்சலிங் வழியாகப் போகிற தனியார் கல்லூரி இடத்துக்கு 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்ததே 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று முதலில் ஏற்றிச் சொல்லிவிட்டு அதில் பாதியைக் குறைத்தால் கேட்பதற்கு உதவி மாதிரிதான் இருக்கும். அது உதவித்தொகை இல்லை, கவுன்சலிங் இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கிற மேனேஜ்மென்ட் சீட்டின் விலை. அந்த சீட்டில் சேர்ந்துவிட்டால் 7.5 சதவீதச் சலுகை கிடையாது. முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. (நீங்கள் ஐடிஐ என்பதால் உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், எதற்கும் கையில் இருக்கட்டும்.)

அப்புறம், அந்த 50 சதவீதம் நான்கு வருடத்துக்கும் உண்டா? எனக்குத் தெரிந்த ஒரு பெண், காரிமங்கலம் பக்கம், இதே மாதிரி பாதிக் கட்டணம் என்று நம்பித்தான் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். தமிழ் மீடியத்திலிருந்து போனவள், முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு அரியர் விழுந்துவிட்டது. இரண்டாம் வருடம் ஃபீஸ் கட்டப் போனால், அரியர் இருந்தால் சலுகை இல்லை என்று முழுத் தொகைக்குச் சலான் போட்டுக் கையில் கொடுத்தார்கள். சேரும்போது அப்படி ஒரு நிபந்தனை இருப்பதாக யாரும் வாயைத் திறக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அவள் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் அந்த வருடத்தை ஒப்பேற்றினார். அதனால் எந்தக் கல்லூரி எந்தச் சலுகை சொன்னாலும், எத்தனை வருடத்துக்கு, எந்த நிபந்தனையில், டியூஷன் ஃபீஸில் மட்டுமா, ஹாஸ்டல், மெஸ், பஸ், பயிற்சிக் கட்டணம் எல்லாம் தனியா என்று கல்லூரி முத்திரையோடு எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. 7.5 சதவீதத்தில் சேர்ந்த பிறகு வேறு பெயர் சொல்லிக் காசு கேட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இதற்கு மேல் அவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிறது, வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் உண்டு. அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாதீர்கள் தம்பி, அது அவள் கைச்செலவுக்கு இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது காரணத்தால் காசு பற்றவில்லை என்றால்கூட நகைக்கு முன்னால் கல்விக் கடன் இருக்கிறது. 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் தருவார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. அடகுக் கடைக்காரர் அவ்வளவு நாள் பொறுக்க மாட்டார்.

சரி, காசு விஷயம் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்படியென்றால் உங்கள் கேள்வியே மாறிவிடுகிறது. மலிவா, ஆசையா என்று இரண்டில் ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் அவள் நான்கு வருடம் நன்றாக இருந்து நன்றாகப் படிப்பாள் என்று பார்த்தால் போதும். பர்கூர் நல்ல யோசனைதான். 1994-இலிருந்து இருக்கிற கல்லூரி, நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அதுதான் கதவு திறந்துவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரட்டும் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு ஒத்துப்போகவில்லை.

மாரண்டஅள்ளியிலிருந்து ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி, அங்கே இறங்கி பர்கூருக்கு இன்னொரு பஸ். காலையில் இருட்டோடு கிளம்ப வேண்டும், சாயங்காலம் திரும்ப அதே பாடு. நானும் அப்படிப் படித்தவள்தான். எனக்கு மூணே முக்கால் பஸ். அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு, இறங்கி ஊருக்குள் இருட்டில் இரண்டு மைல் நடக்க வேண்டும். அதனால் மூன்றரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தமிழ் மன்றத்தில் நாடகம் போட்டார்கள், எனக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள், ஒத்திகை நாலரைக்கு என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லேப் முடிந்து பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அன்றைய கணக்கை ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பார்கள், பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். மூன்று வருடம் போய்வந்தும் அந்த லைப்ரரியில் ராத்திரி விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. கேம்பஸ் லைஃப் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த மரத்தடிதான் ஞாபகம் வரும். உங்கள் தங்கச்சி வீடியோவில் பார்த்த கண்ணாடிக் கட்டடமும் நீச்சல்குளமும் அவளுக்கு என்ன தரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்து முதல் செமஸ்டரில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழிக்கிற பிள்ளைக்கு, பக்கத்து அறையில் ஒரு சீனியர் அக்கா இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று நன்றாகத் தெரியும். அதனால் பர்கூர் என்றாலும் ஹாஸ்டலில் சேருங்கள். சனி ஞாயிறு வீட்டுக்கு வரட்டும்.

அவள் ஆசையையும் தள்ளிவிட வேண்டாம். கோயம்புத்தூர்தான் என்றால் 7.5 சதவீதத்தில் அவள் மார்க்குக்கு அங்கே எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பாருங்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது. அவளை உட்காரவைத்து இரண்டு பேரும் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டு, அந்த ஏஜென்ட்டுக்குச் சொல்லாமல், வகுப்பு நடக்கிற நாளாகப் பார்த்து அவளையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள், பர்கூருக்கும் அப்படியே. ஆபீஸ் அறையில் சுற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டாம் வருடப் பெண்களிடம் அவளையே பேச விடுங்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் நில்லுங்கள். ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா, குளிக்கத் தண்ணீர் வருகிறதா, மெஸ்ஸில் ராத்திரி என்ன போடுகிறார்கள், பையன்களோடு பேசினால் அபராதமா, ஞாயிற்றுக்கிழமை லைப்ரரி திறந்திருக்குமா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். பத்தே நிமிடத்தில் அந்தப் பெண்கள் கொட்டிவிடுவார்கள். நீச்சல்குளத்தில் பெண்களை எத்தனை நாள் விடுகிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஃபீஸ் இருக்கிறது, பஸ் இருக்கிறது, நகை இருக்கிறது, தங்கச்சிக்கு எந்தப் பிரிவு பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. எலெக்ட்ரானிக்ஸா, கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா? இல்லை, இன்ஜினியரிங்கே வேண்டாம், கிருஷ்ணகிரி மகளிர் கலைக் கல்லூரியில் கணக்கு படிக்கிறேன் என்கிறாளா? அப்பா இல்லாத வீட்டில் நீங்கள் தோள் கொடுத்து நிற்கிறீர்கள், அந்தப் பாரம் எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் படிக்கப் போகிறவள் அவள். பிடிக்காத பிரிவில் போய் உட்கார்ந்தால் எந்தக் காலேஜாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இந்த வாரம் ஷிஃப்ட் முடிந்து ஊருக்குப் போகிறபோது தலைமையாசிரியரிடம் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வாங்கிவிடுங்கள், வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர் போனால் அவளையும் கூட்டிப் போங்கள், பதிவு செய்கிற போன் நம்பர் அவளுடையதாக இருக்கட்டும், பாஸ்வேர்டு அவளிடம் மட்டும் இருக்கட்டும், விருப்பப் பட்டியலை வேறு யாரும் அவளுக்காக நிரப்ப வேண்டாம். சந்தேகம் என்றால் மாவட்டத்தில் இருக்கிற சேர்க்கை உதவி மையத்துக்கே போகலாம், அங்கே காசு கேட்க மாட்டார்கள். சீட் கிடைத்ததும் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இந்த முறை கடிதம் அவள் கையெழுத்தில் வரட்டும்.