பதினைந்து வயதுப் பாரம்பரியம்

அன்புள்ள ஐயா,

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு, அரசு உயர்நிலைப் பள்ளி. செப்டம்பர் பிறந்ததிலிருந்து வீட்டில் படிப்புப் பேச்சே இல்லை. ஒருநாள் பைஜாமாவோடு பள்ளிக்குப் போகிறாள், மறுநாள் முகத்தில் பள்ளியின் நிறத்தைப் பூசிக்கொண்டு போகிறாள். கேட்டால் ஹோம்கமிங் வாரம் என்கிறாள். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை ரிப்பனும் மணியும் தொங்கும் செயற்கைச் செவ்வந்தி ஒன்று வேண்டுமாம், அதற்கு ‘மம்’ என்று பெயராம். “இது எங்க ஸ்கூல் டிரெடிஷன்மா” என்கிறாள். அந்தப் பள்ளி திறந்தே 15 வருடம்தான் ஆகிறது! இதில் நிஜமாகவே ஏதாவது வரலாறு இருக்கிறதா, இல்லை கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட கூத்தா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் எரிச்சல் புரிகிறது. கடைக்காரர்களுக்கு இதில் லாபம் உண்டு என்பதும் சரிதான். ஆனால் கூத்து அவர்கள் தொடங்கியதல்ல.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் சடங்குகளில் பெரும்பகுதி இரவல் சரக்கு, அதுவும் கல்லூரிகளிடமிருந்து. பழைய மாணவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்து ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தோடு கொண்டாடும் ஹோம்கமிங்கைத் தொடங்கியது நாங்கள்தான் என்று பல பல்கலைக்கழகங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. உங்கள் டெக்ஸஸிலேயே வேக்கோவில் இருக்கும் பெய்லர் 1909ஐச் சொல்கிறது, மிசௌரி 1911ஐச் சொல்கிறது. வீரர்களின் மேலங்கியில் பள்ளியின் முதல் எழுத்தைத் தைத்துக்கொள்வது 1865இல் ஹார்வர்டு பேஸ்பால் அணி தொடங்கிய பழக்கம். பட்டமளிப்பு நாளில் எல்லோரையும் கண்கலங்க வைக்கும் அந்த அணிவகுப்பு இசை பிரிட்டிஷ் இசையமைப்பாளர் எல்கருடையது. 1905இல் யேல் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது வாசித்தார்கள், அப்புறம் நாடு முழுவதும் பிடித்துக்கொண்டது.

பாட்டுகளின் கதை இன்னும் வேடிக்கை. ஏராளமான உயர்நிலைப் பள்ளிகளின் ஆட்டப் பாட்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் 1909ஆம் ஆண்டு மெட்டில் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டது. பள்ளி வாழ்த்துப் பாடல் என்றால் பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெட்டு. அந்த மெட்டாவது கார்னெலின் சொந்தச் சொத்தா என்றால், அதுவும் இல்லை. 1850களில் பிரபலமாக இருந்த ஒரு சோகப் பாட்டிலிருந்து அவர்கள் எடுத்தது. உங்கள் மகள் பள்ளிப் பாட்டைப் பாடும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள், மெட்டு எங்கோ கேட்டதுபோல இருக்கலாம்.

சரி, கல்லூரிச் சடங்கு பள்ளிக்கு ஏன் இறங்கி வந்தது? 1910இல் அமெரிக்காவில் 18 வயதுக்காரர்களில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். 1940இல் ஏறக்குறைய பாதிப்பேர் முடித்தார்கள். முப்பதே ஆண்டுகளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கல்லூரிப் பக்கமே போகப் போவதில்லை. கல்லூரியின் கொண்டாட்டமாவது அவர்களுக்குக் கிடைத்தது.

புறநகருக்கு வந்தால் இது இன்னும் முக்கியமாகிறது. உங்கள் பக்கத்தில் இருக்கும் ஃபிரிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் சுமார் 6,000 பேர், 2020இல் இரண்டு லட்சம் பேர். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு சர்ச், ஒரு கோயில், ஒரு மசூதி. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது பள்ளிதான், அதனால் ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டுமென்றால் பள்ளி மைதானத்தில்தான் இழுக்க முடியும். கட்டடம் எழும்போதே சின்னம் கழுகா சிறுத்தையா, நிறம் என்ன என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் எந்தத் திருவிழாவுக்கும் முதல் வருடம் என்று ஒன்று இருந்திருக்கும், அதைப் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தேர் பெரிதாகிப்போனதும் உண்டு. ஆலன் ஊரில் ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிக்காக 2012இல் ஆறு கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, சரிசெய்து 2015இல் திறந்தார்கள். ஆசிரியர் சம்பளத்துக்கு இல்லாத பணம் ஸ்டேடியத்துக்கு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பான பள்ளி மாவட்டம் வசூலிக்கும் சொத்துவரியில் இரண்டு கணக்கு உண்டு. தினசரிச் செலவுக்கான கணக்கில் பணக்கார மாவட்டங்கள் ஒரு பகுதியை மாநிலத்திடம் கொடுத்தாக வேண்டும். 1993இல் வந்த இந்த ஏற்பாட்டை மக்கள் ‘ராபின் ஹூட்’ என்பார்கள். ஆனால் வாக்காளர்கள் சம்மதித்து வாங்கும் கட்டடக் கடனுக்கான வரியில் அந்தக் கை படாது. அதில் வருவது முழுக்க ஊருக்குள்ளேயே நிற்கும், ஆனால் சம்பளம் கொடுக்க அதைத் தொட முடியாது. ஸ்டேடியம் எழும்புவதில் ஆச்சரியம் என்ன?

படிப்புப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். 1984 முதல் டெக்ஸஸில் ஒரு விதி உண்டு, பாடத்தில் 70க்குக் கீழே போனால் ஆட்டமும் இல்லை, பேண்ட் வாத்தியப் போட்டியும் இல்லை. எங்கள் காலத்தில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நானும் கணக்கில் தேறியிருப்பேன்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அந்த 15 வருடம். வயதை வைத்துப் பாரம்பரியத்தை எடைபோடலாம் என்றால் ஃபோர்ட் வொர்த்தின் ஐ. எம். டெரல் பள்ளிக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1882இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. ஜாஸ் மேதை ஆர்னெட் கோல்மன் அங்கே படித்தவர். அருகில் இருக்கும் மான்ஸ்ஃபீல்டு, இன்றைக்கு வசதியான புறநகர், அன்று தன் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காது. அவர்கள் சுமார் 20 மைல் பஸ்ஸில் டெரலுக்குப் போனார்கள். 1956இல் கூட்டாட்சி நீதிமன்றம் சேர்க்கச் சொல்லி உத்தரவிட்டபோது கூட்டம் திரண்டு பள்ளி வாசலை மறித்தது, கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டது. ஆளுநர் ஆலன் ஷிவர்ஸ் போலீஸை அனுப்பினார், பிள்ளைகளைக் காக்க இல்லை, அவர்களை வெளியே நிறுத்திவைக்க. மான்ஸ்ஃபீல்டு பள்ளி 1965இல்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

வெள்ளி இரவுப் பள்ளி ஃபுட்பால் ஆட்டம் என்று டெக்ஸஸ் பெருமைப்படுகிறதே, அந்த வெள்ளிக்கிழமையே அன்று எல்லோருக்கும் சொந்தமில்லை. கறுப்பினப் பள்ளிகளுக்கு 1920 முதல் தனி லீக் இருந்தது. மைதானங்கள் வெள்ளிக்கிழமை வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விடும், ஆகவே இவர்கள் பெரும்பாலும் புதன், வியாழன் இரவுகளில் ஆடினார்கள். பள்ளிகள் ஒன்றுசேர்ந்தபோது 1970இல் அந்த லீக் கலைந்தது. நல்லதுதான். ஆனால் மூடப்பட்டவை ஏராளமான இடங்களில் கறுப்பினப் பள்ளிகள். நிறம், பாட்டு, கோப்பை எல்லாவற்றோடும் போய்விட்டன. டெரல் 1973இல் மூடப்பட்டது. 91 வருடப் பாரம்பரியம்! உங்கள் மகளின் பள்ளியைப் போல ஆறு மடங்கு.

எனவே என்னிடம் கேட்டால் வருடத்தை எண்ண மாட்டேன், அந்த மைதானத்தின் வாசலில் யார் நுழைகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் மகனின் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஆட்டம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இடைவேளையில் பேண்ட் வாத்தியக் குழு மைதானத்தில் இறங்கியது. பெரிய பெரிய சைலஃபோன்களைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியவர்கள் அப்பாக்கள், ஒருவர் தாடியும் தலைப்பாகையுமாக. பையன்கள் வாசித்து முடிக்கும்வரை ஓரத்தில் மூச்சுவாங்க நின்றார், முடிந்ததும் மறுபடி தள்ளினார்.

மம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் நிஜச் செவ்வந்தியைத்தான் குத்திக்கொண்டார்கள், பூ வாடுகிறது, ரிப்பன் வாடுவதில்லை என்று கண்டுபிடித்த பிறகு இந்த நீளத்துக்கு வந்துவிட்டது. கடையில் வாங்காதீர்கள். பல அம்மாக்கள் சாப்பாட்டு மேஜையில் பசைத் துப்பாக்கியோடு உட்கார்ந்து செய்கிறார்கள், நீங்களும் செய்யலாம். பசை சூடு, விரல் பத்திரம். ரிப்பன்களில் பெண்ணின் பெயரையும் வருடத்தையும் எழுத்தெழுத்தாக ஒட்டுவார்கள். ஒரு ரிப்பனில் மட்டும் தமிழில் ஒட்டட்டுமா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.